கசியாஸ் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை

போன கிழமை எங்களுக்குள் ஒரு சண்டை வந்தது. தொடங்கின விதம் சாதாரணம்தான். உதைபந்தாட்டத்தில் உண்மையான விசுவாசி யார் என்று ஒருத்தர் கேட்டார். மல்டினி என்றார் ஒருவர், டொட்டி என்றார் இன்னொருவர். மூன்றாவது ஆள் இக்கர் கசியாஸ் என்று சொல்லி வாய் மூடவில்லை, ரியல் மட்ரிட் ஜேர்சியோடு இருந்த தம்பி எழும்பிவிட்டார்.

"அண்ணை, சும்மா விசர்க்கதை கதைக்காதேங்கோ. அந்தாள் டோப்போ. பார்சிலோனாக்காரருக்குப் போன் எடுத்துக் கதைச்ச ஆள். அவரோ விசுவாசி?"

டோப்போ என்பது ஸ்பானிய மொழியில் மண்ணுக்குள் வளை தோண்டும் ஒரு பிராணி. அதை ஒரு மனிசனுக்குச் சொன்னால், உள்ளே இருந்துகொண்டு வெளியே தகவல் கொடுப்பவன் என்று அர்த்தம். தமிழில் அதற்குச் சரியான சொல் காட்டிக்கொடுப்பவன். அந்தச் சொல்லின் பாரம் எங்களுக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை. அதை ஒருவர் மீது தூக்கிப்போட முதல் இரண்டு தரம் யோசிக்க வேண்டும். அவர் ஒரு கோல் காப்பாளராக இருந்தாலும்தான்.

தம்பி அந்தச் சொல்லைத் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. அந்தத் தொலைபேசி அழைப்பு நடந்த 2011 இல் அவர் சின்னப் பெடியன். ரசிகர் பக்கங்களில் வருடக்கணக்காகச் சுற்றும் கதையைத்தான் அவர் ஒப்புவித்தார். ஆகவே இது தம்பிக்கு எதிரான கட்டுரை அல்ல, அந்தக் கதைக்கு எதிரானது. கழக விசுவாசம் என்றால் எதிர்க் கழகத்தை வெறுப்பது என்றும், நல்ல தலைவன் என்றால் சண்டையை அணையாமல் பார்த்துக்கொள்பவன் என்றும் அந்தக் கதை சொல்கிறது. இரண்டும் பொய். கசியாசின் வாழ்க்கையே அதற்குச் சாட்சி. இதை எழுதும் எங்களில் பாதிப் பேர் மட்ரிட் ரசிகர், மீதிப் பேர் பார்சிலோனா. இந்த விடயத்தில் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே குரலில் கதைக்கிறோம்.

ஒன்பது வயதிலிருந்து

கசியாஸ் 1981 இல் பிறந்தவர். மட்ரிட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற மொஸ்டொலெஸ் நகரில் வளர்ந்தவர். ஒன்பது வயதில் ரியல் மட்ரிட்டின் இளையோர் அணிக்குள் போனார். 1997 நவம்பரில், பதினாறு வயதில், வகுப்பில் இருந்தவரைக் கூப்பிட்டு, நோர்வேயின் றோசன்போர்க் அணிக்கு எதிரான சம்பியன்ஸ் லீக் போட்டிக்கு மாற்றுக் கோல் காப்பாளராகக் கூட்டிக்கொண்டு போனார்கள். 1999 செப்டெம்பரில் பில்பாவோவின் சான் மமேஸ் மைதானத்தில் முதல் போட்டி. 2000 மே மாதம் பாரிஸில் சம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி. அதற்கு நாலு நாள் முதல்தான் அவருக்குப் பத்தொன்பது வயது முடிந்திருந்தது. வலென்சியாவை 3-0 என்று வென்றார்கள்.

இதுவரை எல்லாம் அதிர்ஷ்டக்காரப் பெடியனின் கதை. விசுவாசத்தின் கதை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

2001-02 பருவகாலத்தில் அவர் தன் இடத்தை சேசர் சான்செஸிடம் இழந்தார். சம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி கிளாஸ்கோவில், ஜேர்மனியின் லெவர்குசன் அணிக்கு எதிராக. பாரிஸில் கிண்ணம் தூக்கியவர் இரண்டு வருடம் கழித்து வாங்கில் இருக்கிறார். மட்ரிட் 2-1 என்று முன்னுக்கு நிற்கும்போது, இரண்டாம் பாதியின் நடுவில் சேசர் காயப்படுகிறார். கசியாஸ் இறங்குகிறார். கடைசி நிமிடங்களில் லெவர்குசன் அடித்த பந்துகளைக் காலாலும் கையாலும் அவர் தடுத்த காட்சியை இண்டைக்கும் தேடிப் பார்க்கலாம். ஸிடேனின் அந்தப் புகழ்பெற்ற வொலி கோல் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அந்தக் கோலை வெற்றியாக்கியது வாங்கிலிருந்து எழும்பி வந்த இருபது வயதுப் பெடியன் என்பது கனபேருக்கு நினைவில்லை.

இதை ஏன் சொல்கிறோம்? "இடத்தை இழந்ததும் அழுது குழப்பம் செய்தவர்" என்று பிற்காலத்தில் அவரைப் பற்றிச் சொன்னார்கள். இருபது வயதில் இடத்தை இழந்தவர் என்ன செய்தார் என்று பாருங்கோ. பொறுத்திருந்தார். கூப்பிட்டபோது வந்து வேலையைச் செய்தார்.

பதினொருவரில் எத்தனை பேர் எதிரிகள்?

இனித் தேசிய அணிக்கு வருவம். 2008 க்கு முதல் ஸ்பெயின் வென்ற பெரிய கிண்ணம் ஒன்றே ஒன்று, 1964 இன் ஐரோப்பியக் கிண்ணம். நல்ல ஆட்டக்காரர்கள் இல்லாமல் இல்லை. காலிறுதி வரும், பெனால்டி வரும், வீட்டுக்குப் போவார்கள். அந்த அணிக்குள் மட்ரிட்காரர் ஒரு பக்கம், பார்சிலோனாக்காரர் ஒரு பக்கம் என்ற கதையும் எப்போதும் இருந்தது. அது வெறும் கழகச் சண்டையும் அல்ல. கட்டலோனியாவுக்கும் மத்திய அரசுக்கும் இடையிலான கதை, பிராங்கோவின் காலம், மொழி மீது இருந்த தடைகள் எல்லாம் அந்த இரண்டு ஜேர்சிகளுக்குள்ளும் தைக்கப்பட்டிருக்கின்றன.

இப்படியான ஒரு அணிக்குத் தலைவனாக இருப்பது எப்படியான வேலை? 2010 உலகக் கிண்ண இறுதிப் போட்டியைத் தொடங்கிய பதினொருவரை எண்ணிப் பாருங்கோ. பிக்கே, புயோல், புஸ்கெட்ஸ், ஷாவி, இனியெஸ்டா, பெட்ரோ. ஆறு பேர் பார்சிலோனா. ஏழாவது டேவிட் வில்லா, அவரும் சில கிழமைக்கு முதல்தான் பார்சிலோனாவோடு ஒப்பந்தம் செய்திருந்தார். மட்ரிட்காரர் மூன்று பேர்: ராமோஸ், ஷாபி அலொன்சோ, கசியாஸ். மிச்சமான கப்டெவியா வியாரியல் ஆட்டக்காரர். கையில் அணித்தலைவர் பட்டி கட்டியிருந்தவர் மட்ரிட்டின் கோல் காப்பாளர். அவருக்கு முன்னால் நின்ற தற்காப்பின் நடுவில் பார்சிலோனாவின் தலைவர் புயோல்.

யோசிச்சுப் பாருங்கோ. வருடத்தில் ஒன்பது மாதம் யாரைத் தோற்கடிக்க வேணும் என்று பயிற்சி எடுக்கிறாரோ, அவர்களை நம்பித்தான் மீதி நாட்களில் கோலைக் காக்க வேண்டும். கோர்னர் வரும்போது "விடு, நான் எடுக்கிறன்" என்று கத்தினால் புயோல் நம்பி விலக வேண்டும். அந்த நம்பிக்கை தேசிய கீதம் போட்டதும் தானாக வந்துவிடாது. ஆரோ ஒருவர் அதை உண்டாக்கவும் வேணும், உடையாமல் பார்க்கவும் வேணும். ஷாவியும் கசியாசும் 1999 இல் நைஜீரியாவில் இருபது வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் வென்ற ஸ்பெயின் குழுவில் ஒன்றாக இருந்தவர்கள். அந்தச் சிநேகிதம் அணியின் சொத்து.

பலன் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். 2008 காலிறுதியில் இத்தாலிக்கு எதிராக டி றொஸ்ஸியின் பெனால்டியையும் டி நட்டாலேயின் பெனால்டியையும் கசியாஸ் தடுத்தார், பழைய சாபம் முடிந்தது. 2010 இல் முதல் போட்டியிலேயே சுவிட்சர்லாந்திடம் தோற்றபோது, மைதான ஓரத்தில் நின்ற ஊடகவியலாளரான தன் காதலியால்தான் அவர் கவனம் சிதறினார் என்று எழுதினார்கள். அவர் அதற்குப் பதிலை ஆடுகளத்தில் சொன்னார். பராகுவேக்கு எதிராகக் கார்டோசோவின் பெனால்டியைப் பிடித்தார். இறுதிப் போட்டியில் தனியாக ஓடி வந்த றொபனின் பந்தை, மற்றப் பக்கம் விழுந்துகொண்டிருக்கும்போதே வலது காலை நீட்டித் தட்டிவிட்டார். இனியெஸ்டாவின் கோல் வந்தது 116 ஆவது நிமிடத்தில். அந்தக் கால் இல்லாவிட்டால் அந்தக் கோல் இல்லை. நொக் அவுட் சுற்றின் நாலு போட்டியிலும் ஸ்பெயின் ஒரு கோல்கூட வாங்கவில்லை.

எங்கட நேரத்துக்கு அந்தப் போட்டி தொடங்கியது நடுச்சாமம் பன்னிரண்டு மணிக்கு. எங்களில் மூத்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தபோது, மட்ரிட் ரசிகனும் பார்சிலோனா ரசிகனும் ஒருத்தரை ஒருத்தர் கட்டிப் பிடித்தார்கள். அடுத்த வருடமே அதை மறந்துபோனது வேறு கதை.

அந்த அழைப்பு

2010 கோடையில் ஜோஸே மொரின்யோ மட்ரிட்டின் பயிற்றுவிப்பாளராக வந்தார். எதிரே குவார்டியோலாவின் பார்சிலோனா. அதே வருடம் நவம்பரில் கேம்ப் நூவில் 5-0 தோல்வி. 2011 ஏப்ரல், மே மாதங்களில் பதினெட்டு நாளுக்குள் நாலு கிளாசிக்கோ. ஒவ்வொன்றும் போனதைவிட மோசம். அடி, உதை, சிவப்பு அட்டை, ஊடகவியலாளர் சந்திப்பில் குற்றச்சாட்டு, அதற்குப் பதில் குற்றச்சாட்டு.

ஓகஸ்ட் 17 ஆம் திகதி ஸ்பானிய சூப்பர் கிண்ணத்தின் இரண்டாவது போட்டி. முடியும் நேரத்தில் கைகலப்பு. அதற்குள் மொரின்யோ பின்னால் போய், பார்சிலோனாவின் உதவிப் பயிற்றுவிப்பாளர் டிட்டோ விலனோவாவின் கண்ணில் விரலை விட்டார். கமரா அதைப் பிடித்தது, உலகம் முழுக்கப் பார்த்தது. பிறகு நடந்ததுதான் அதைவிட வெட்கம். அந்த விரல்தான் எங்களுக்கு வழிகாட்டுகிறது என்ற பொருளில் பெர்னபேயு மைதானத்தில் ஒரு பதாகை தூக்கினார்கள். இன்னொரு மனிசனின் கண்ணைக் குத்திய விரல் வழிகாட்டி ஆகிவிட்டது.

கைகலந்த இரண்டு பக்கத்திலும் அடுத்த மாதம் ஒரே உடுப்பு மாற்றும் அறையில் ஒன்றாக இருக்க வேண்டியவர்கள் இருந்தார்கள். அந்த அறைக்குத் தலைவர் கசியாஸ். அவர் தொலைபேசியை எடுத்தார். ஷாவியோடு கதைத்தார், புயோலோடு கதைத்தார். இப்படியே விட்டால் தேசிய அணி உடைஞ்சு போகும், இதை நிப்பாட்டுவம் என்பதுதான் அந்தக் கதையின் சாரம்.

இவ்வளவும்தான் அவர் செய்த "துரோகம்".

அந்த அழைப்பில் மட்ரிட் எதை இழந்தது? அணியின் உத்தி ஏதும் வெளியே போனதா? அடுத்த கிளாசிக்கோவில் அவர் வேணுமென்று கோல் விட்டாரா? இல்லை. அந்த அழைப்புக்குப் பிறகு வந்த பருவகாலத்தில் மட்ரிட் 100 புள்ளி எடுத்து, 121 கோல் அடித்து, பார்சிலோனாவைப் பின்தள்ளி லா லிகாவை வென்றது. கோலுக்குள் நின்றவர் கசியாஸ். கிண்ணம் தூக்கியவரும் அவர்தான். காட்டிக்கொடுப்பவனை வைத்து இப்படி ஒரு வருடம் வெல்ல முடியும் என்றால் எல்லாக் கழகமும் ஒரு காட்டிக்கொடுப்பவனை வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

மட்ரிட் இழந்தது ஒன்றே ஒன்று: எதிராளியை எதிரியாகவே வைத்திருக்கும் வசதி. மொரின்யோவின் முறை அதில்தான் தங்கியிருந்தது. வெளியே எல்லாரும் எங்களுக்கு எதிரி, நடுவர் எதிரி, சங்கம் எதிரி, ஊடகம் எதிரி என்று ஒரு சுவரைக் கட்டி, உள்ளே இருப்பவர்களை ஒட்டவைப்பார். அது சில காலம் வேலை செய்யும், கிண்ணமும் வரும். ஆனால் அந்தச் சுவரில் ஒரு யன்னல் திறந்தாலும் முறை குலைந்துவிடும். கசியாஸ் திறந்தது அந்த யன்னலைத்தான். அதனால்தான் அவர் ஆபத்தான ஆள் ஆனார்.

2012 ஒக்டோபரில் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் இளவரசர் விருது விளையாட்டுக்காக இரண்டு பேருக்குச் சேர்த்துக் கொடுக்கப்பட்டது: கசியாசுக்கும் ஷாவிக்கும். கழகப் பகையைத் தாண்டிய சிநேகிதத்துக்காக. நாடு விருது கொடுத்த அதே விடயத்துக்குக் கழகம் என்ன கொடுத்தது?

மலாகா, டிசம்பர் 22

இரண்டு மாதம் போகவில்லை. 2012 டிசம்பர் 22, மலாகாவில் லீக் போட்டி. கசியாஸ் வாங்கில். காயம் இல்லை, தடை இல்லை. கோலுக்குள் அந்தோனியோ அடான். மட்ரிட் 3-2 என்று தோற்றது. அடுத்த போட்டி ரியல் சொசியெடாட்டோடு. திரும்பவும் அடான். ஆறாவது நிமிடத்தில் அவருக்குச் சிவப்பு அட்டை. கசியாஸ் எழும்பி வந்தார், மட்ரிட் 4-3 என்று வென்றது. ஜனவரி 23 இல் வலென்சியாவோடு நடந்த கிண்ணப் போட்டியில், சொந்த அணியின் ஆர்பெலோவாவின் கால் பட்டுக் கசியாசின் கை முறிந்தது. கழகம் உடனே செவியாவிலிருந்து டியேகோ லோபெஸை வாங்கியது. கை சுகமாகியும் இடம் திரும்பக் கிடைக்கவில்லை.

இங்கே நாங்கள் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பயிற்றுவிப்பாளருக்கு ஆரையும் வாங்கில் இருத்த உரிமை இருக்கிறது. லோபெஸ் நல்லாகத்தான் விளையாடினார். கசியாஸ் எப்போதுமே உயர வரும் பந்துக்கு வெளியே வருவதில் தடுமாறுபவர், காலால் பந்து விளையாடுவதில் பெரிய கெட்டிக்காரர் இல்லை, வயதும் போய்க்கொண்டிருந்தது. இதெல்லாம் உண்மை. "உதைபந்தாட்டக் காரணத்துக்காக இருத்தினேன்" என்று மொரின்யோ சொன்னால் அதோடு வாதாடலாம், அது ஒரு நியாயமான வாதம்.

எங்கட கேள்வி வேறு. உதைபந்தாட்டக் காரணம்தான் என்றால் "டோப்போ" என்ற சொல் எதற்கு? வெளியே வராத கோல் காப்பாளருக்கு "வெளியே வராதவர்" என்று பெயர் வைக்கலாம். உளவாளி என்று ஏன் பெயர் வைக்க வேணும்? அறைக்குள் நடந்தது பத்திரிகையில் வந்தது என்றால், அந்த அறையில் இருபதுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர், உதவியாளர், வைத்தியர், நிர்வாகி எல்லாரும் இருந்தார்கள். கசியாஸ்தான் சொன்னார் என்பதற்கு ஒருத்தரும் ஒரு ஆதாரமும் வைக்கவில்லை. அவர் ஷாவியோடு கதைத்தவர், அவரின் துணைவி ஊடகவியலாளர், ஆகவே அவராகத்தான் இருக்கும். இதுதான் முழு வழக்கு. இப்படியான வழக்குகளை நாங்கள் கேள்விப்படாதவர்களா? ஒருத்தரோடு கதைத்ததே குற்றம், ஆதாரம் பிறகு பார்ப்பம்.

கசியாசிலும் எங்களுக்கு ஒரு மனக்குறை இருக்கிறது. அவர் வாய் திறக்கவில்லை. தலைவனாக இருந்தவர், அந்தச் சொல் முதல் தரம் வந்தபோதே எழும்பி நின்று "நான் கதைத்தேன், திரும்பவும் கதைப்பேன்" என்று சொல்லியிருக்கலாம். கழகத்தின் பெயர் கெடும் என்று பொறுத்தார். அந்த மௌனத்துக்குள் வதந்தி குடிபுகுந்தது. விசுவாசம் சில நேரம் வாயையும் கட்டிப்போடும். அது அவரின் பிழை. ஆனால் அந்தப் பிழையையும் அவர் கழகத்துக்காகத்தான் செய்தார்.

சீழ்க்கை

மொரின்யோ 2013 கோடையில் போய்விட்டார். அந்தச் சொல் போகவில்லை. அன்செலொட்டியின் கீழ் லீக் போட்டிக்கு லோபெஸ், சம்பியன்ஸ் லீக்குக்குக் கசியாஸ் என்று பிரித்தார்கள். 2014 மே 24, லிஸ்பனில் அத்லெட்டிக்கோவுக்கு எதிரான இறுதிப் போட்டி. 36 ஆவது நிமிடத்தில் கசியாஸ் பிழையாக வெளியே வந்தார், கொடினின் தலையால் போன பந்து அவருக்கு மேலால் போய் விழுந்தது. தொண்ணூறு நிமிடம் தாண்டியும் 1-0. மேலதிக நேரத்தின் மூன்றாவது நிமிடத்தில் ராமோஸ் தலையால் அடித்த கோல் மட்ரிட்டைக் காப்பாற்றியது, கூடவே கசியாசையும். முடிவில் 4-1. பன்னிரண்டு வருடமாகக் காத்திருந்த பத்தாவது ஐரோப்பியக் கிண்ணத்தைத் தலைவராக அவர் தூக்கினார்.

மூன்று கிழமை போகவில்லை, பிரேசிலில் நெதர்லாந்து ஸ்பெயினை 5-1 என்று அடித்தது. பிறகு சிலி 2-0. உலகச் சம்பியன் இரண்டே போட்டியில் வெளியே. அந்த ஐந்து கோலில் சிலவற்றில் அவரின் பிழைகள் இருந்தன, மறைக்க ஒன்றும் இல்லை.

அடுத்த பருவகாலம் முழுக்கச் சொந்த மைதானத்திலேயே அவருக்குச் சீழ்க்கை அடித்தார்கள். பந்தைத் தொட்டால் சீழ்க்கை. விட்டால் சீழ்க்கை. ஸ்பெயினில் சீழ்க்கை பாராட்டு இல்லை, துரத்துவது. ஒன்பது வயதில் வந்த பிள்ளையை, மூன்று ஐரோப்பியக் கிண்ணத்துக்குக் கோல் காத்தவரை, பதினைந்து வருடம் "எங்கட இக்கர்" என்று கூப்பிட்ட அதே படிக்கட்டுகளில் இருந்து.

ஒரு ஆட்டக்காரர் பிழை விட்டால் விமர்சிக்கலாம், மாற்றச் சொல்லலாம். ஆனால் அது பிழைக்கு விழுந்த சீழ்க்கை மட்டும் இல்லை. பிழைக்கு முதலே அவரைச் சந்தேகப் பட்டியலில் போட்டிருந்தார்கள். ஒருத்தருக்கு ஒரு தரம் அந்தப் பட்டத்தைக் கட்டிவிட்டால், பிறகு அவர் விடும் சின்னப் பிழையும் சாட்சியாக மாறிவிடும். நல்லது செய்தால் நடிப்பு.

தனிக் கதிரை

2015 ஜூலை 11 ஆம் திகதி, ஜொஹனஸ்பேர்க்கில் உலகக் கிண்ணம் தூக்கிச் சரியாக ஐந்து வருடம் முடிந்த நாளில், கசியாஸ் போர்ட்டோவுக்குப் போகிறார் என்று கழகம் அறிவித்தது. அடுத்த நாள் பெர்னபேயுவில் ஊடகவியலாளர் சந்திப்பு. மேசையில் அவர் மட்டும். பக்கத்தில் தலைவர் புளொரென்டினோ பெரெஸ் இல்லை, நிர்வாகி இல்லை, பழைய சகா ஒருவரும் இல்லை. கையில் ஒரு கடதாசி. வாசிக்கத் தொடங்கியதும் அழுகை. நிப்பாட்டி, தண்ணீர் குடித்து, திரும்ப வாசித்தார். இருபத்தைந்து வருடம், 725 போட்டி. நன்றி சொன்னார். ஒருவரையும் குற்றம் சொல்லவில்லை.

உலகம் முழுக்க அந்தப் படம் போனபிறகு கழகத்துக்கு வெட்கம் வந்தது. அடுத்த நாள் அவசர அவசரமாக இன்னொரு நிகழ்வு வைத்தார்கள், பெரெஸும் வந்தார். வெளியே கூடியிருந்த ரசிகர்கள் பெரெஸைத்தான் விலகச் சொல்லிக் கத்தினார்கள். செத்த வீட்டில் மூன்றாம் நாள் வந்து "சொல்லியிருந்தால் வந்திருப்பேனே" என்று நிற்கும் சொந்தக்காரரை எங்களுக்குத் தெரியும்தானே. அப்படித்தான் இருந்தது.

இது ஒரு நாள் தவறும் அல்ல. 2003 ஜூனில் லீக்கை வென்ற அடுத்த நாளே பயிற்றுவிப்பாளர் டெல் பொஸ்கேயின் ஒப்பந்தத்தை நீட்டவில்லை. இரண்டு சம்பியன்ஸ் லீக், இரண்டு லீக் வென்று கொடுத்த மனிசன். அதே நேரம் அணித்தலைவர் இயெரோவையும் அனுப்பினார்கள். அப்போதும் தலைவர் பெரெஸ்தான். அப்படித் துரத்தப்பட்ட டெல் பொஸ்கேதான் பிறகு ஸ்பெயினுக்கு உலகக் கிண்ணம் வென்று கொடுத்தார், கசியாஸைத் தலைவராக வைத்துக்கொண்டு. மட்ரிட்டில் பழையவர்களை எப்படி வழியனுப்புகிறார்கள் என்று இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது.

சில பேர் சொல்வார்கள்: "கோடிக்கணக்கில் உழைச்ச ஆள், அவருக்கு என்ன அழுகை? இது தொழில், ஒப்பந்தம் முடிஞ்சால் போறதுதான்." சரி, தொழில் என்றால் இரண்டு பக்கத்துக்கும் தொழிலாக இருக்கட்டும். ஆட்டக்காரன் கூடுதல் சம்பளத்துக்கு வேறு கழகம் போனால் துரோகி, கழகம் ஆட்டக்காரனைப் பின்வாசலால் அனுப்பினால் நிர்வாகத் தீர்மானம். இது என்ன கணக்கு? விசுவாசம் என்ற சொல்லை ஜேர்சி விற்கும்போது மட்டும் எடுத்து, ஒப்பந்தம் எழுதும்போது லாச்சிக்குள் வைத்துப் பூட்டுகிறார்கள். அதை முழுப் பெறுமதிக்கும் நம்புகிறவர்கள் இரண்டே பேர்: ஒன்பது வயதில் உள்ளே வரும் பிள்ளை, இரவிரவாக முழிச்சிருந்து பார்க்கும் ரசிகன்.

எங்கட பங்கு

ஆகவே எங்களைப் பற்றியும் சொல்லாமல் முடிக்க முடியாது.

அந்த மீம்களை நாங்களும் பகிர்ந்தோம். 2011 இல் பார்சிலோனாப் பக்கத்தில் இருந்த நாங்கள் மட்ரிட்காரரை எல்லாம் ரௌடிகள் என்று எழுதினோம். கசியாஸ் எடுத்த அழைப்பையும் "பயந்திட்டான்" என்று சிரித்தோம். மட்ரிட் பக்கத்தில் இருந்தவர்கள் "டோப்போ" என்று எழுதினோம். ஒருவரும் பெர்னபேயுவின் வாசலைக்கூடப் பார்த்ததில்லை. அந்த நகரத்தில் பிறக்கவில்லை, அந்த மொழியும் தெரியாது. ஆனால் வெறுப்பை மட்டும் சுங்கவரி இல்லாமல் இறக்குமதி செய்தோம். அப்பிடி வெறுத்தால்தான் உண்மையான ரசிகன் எண்டு ஆரோ சொன்னதை நம்பினம்.

விளையாட்டில் போட்டி வேண்டாம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. கிளாசிக்கோ கிளாசிக்கோவாகவே இருக்கட்டும். நையாண்டி இருக்கட்டும், தோற்றவன் தேத்தண்ணி வாங்கிக் கொடுக்கட்டும். ஆனால் போட்டிக்கும் பகைக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டைக் காப்பதுதான் அணித்தலைவரின் வேலை. கையில் பட்டி கட்டுவது நாணயம் சுண்ட மட்டும் இல்லை.

2012 ஐரோப்பியக் கிண்ண இறுதிப் போட்டி. கியெவ் நகரம். ஸ்பெயின் 4-0 என்று இத்தாலிக்கு முன்னால். மேலதிக நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. மற்ற ஆட்கள் ஐந்தாவது கோலுக்குப் போகிறார்கள். கசியாஸ் கோலடியில் நின்ற துணை நடுவரைப் பார்த்து, எதிரணிக்கு மரியாதை கொடுங்கோ, இத்தாலிக்கு மரியாதை கொடுங்கோ, முடியுங்கோ என்று கேட்கிறார். காணொளி இருக்கிறது. ஷாவிக்குத் தொலைபேசி எடுத்த மனிசனும் இந்த மனிசனும் ஒரே ஆள்தான். வெல்ல வேண்டும் என்ற வெறி அவருக்குக் குறைவாக இருந்ததா? பதினைந்து வருடத்தில் அவர் தூக்கிய கிண்ணங்களை எண்ணிவிட்டுச் சொல்லுங்கோ.

போர்ட்டோவில் அவர் இரண்டு லீக் வென்றார். 2019 மே மாதம் பயிற்சியில் மாரடைப்பு வந்தது, 2020 ஓகஸ்டில் ஓய்வு பெற்றார். அதே வருடம் டிசம்பரில் அவர் எங்கே போனார் தெரியுமா? ரியல் மட்ரிட்டின் அறக்கட்டளைக்கு வேலை செய்யத் திரும்பிப் போனார். சீழ்க்கை அடித்த இடத்துக்கு. தனிக் கதிரையில் அழவிட்ட இடத்துக்கு. அதை அவரின் பெருந்தன்மை என்பதா, பழகிப்போன பாசம் என்பதா என்று எங்களுக்குள் இன்னும் ஒரு முடிவில்லை. சிலர் அவர் போயிருக்கக்கூடாது என்கிறார்கள். ஆனால் இதை விசுவாசம் இல்லை என்று சொல்ல ஒருத்தராலும் முடியவில்லை.

தம்பி, அண்டைக்கு நீங்கள் கேட்டீர்கள், "அவரோ விசுவாசி?" எண்டு. ஓம், அவர்தான். அவர் தன் கழகத்தை நேசித்தார், அதற்காக மற்றக் கழகத்தின் மனிசரை வெறுக்கத் தேவையில்லை என்று நினைத்தார். அந்த அழைப்பை எடுக்க ஒரு இரவு யோசித்திருப்பார். அந்தச் சொல்லை அவர் மீது போட எங்களுக்கு ஒரு நிமிடமும் எடுக்கவில்லை. இனியாவது அந்தச் சொல்லைக் கீழே வைப்பம். அடுத்த கிளாசிக்கோவுக்கு ஜேர்சியைப் போட்டுக்கொண்டே வாங்கோ, பக்கத்தில் இருந்து பார்ப்பம்.